பெயர் வைக்காத ஐந்து நாள்

"வந்தார்" என்று செதுக்கச் சொல்கிறார்கள்.
அந்த எழுத்து என் உளிக்குப் பழக்கம்தான்.
எந்த நாளில் வந்தார் என்பதில்தான்
கை நிற்கிறது.

புத்தாண்டின் முதல் நாளாம்.
சங்கு முழங்க, பல்லக்கில்,
பச்சைச் சிறகு தலையில் அசைய.

நான் பார்த்தது வேறு.
வருஷக் கடைசியில் மிஞ்சிப்போகும் ஐந்து நாள்,
எந்தத் தெய்வமும் ஏற்காத அந்த ஐந்தில்
மூன்றாவது அது.
ஊரே பாய்த்திரை இறக்கிக் கிடந்தது.
தலை வாரவில்லை, அடுப்பு மூட்டவில்லை,
காவல் மேட்டில் ஆளில்லை.
எங்கள் வான்கோழி அறுத்துக்கொண்டு ஓடியதால்
நான் மட்டும் வெளியே, ஒன்பது வயதில்.

நாற்பது பேர். முழங்கால்வரை சேறு.
நடுவில் ஒருவன் வலது காலை இழுத்து இழுத்து வந்தான்.
அவன் கேட்டது எங்கள் பாஷையில்லை.
பிறகு கையைக் குவித்து
வாயருகே வைத்துக் காட்டினான்.
சுரைக்குடுக்கையை நீட்டினேன்.
ராஜ வம்சம் ஒன்று என் கண்ணெதிரே
மடக் மடக்கென்று குடித்தது.

ஐந்து நாள் கழித்து ஊர் திரை விலக்கியபோது
மேட்டில் உட்கார்ந்திருந்தான் தோக் சான்.
வந்தேறி என்றார்கள் கிழக்குத் தெருவார்.
அடுத்த மழைக்குள்
குளத்துக்காரர் மகள் இஷ் முயாலைக் கட்டிக்கொண்டான்.
திருக்கை முள்ளால் நாக்கைத் துளைத்து
மரப்பட்டைத் தாளில் சொட்டவிட்டு எரித்தான்.
புகைக்குள் மூதாதை பாம்பாய் எழுந்தார் என்றார்கள்.
எனக்குக் கண் கரித்தது.
வந்தேறி, வந்தவன் ஆனான்.
வந்தவன் வந்தவர் ஆக
இரண்டு சோளப் போகம் பிடித்தது.

நல்ல ராஜாதான், பொய் சொல்லக் கூடாது.
குளத்துக்குச் சுண்ணாம்புத் தளம் போட்டான்.
வறண்ட வருஷத்தில்
தன் கொக்கோ மூட்டைகளை அவிழ்த்தான்.
போன மாசம் செந்தூள் தூவிப் புதைத்தோம்.
அப்போதும் அந்த வலது கால்
நேராகப் படுக்கவில்லை.

மகனுக்கு ஓர் ஆரம்பம் வேண்டும்.
ஆரம்பத்துக்கு நல்ல நாள் வேண்டும்.

நேற்று இஷ் முயால் பட்டறைக்கு வந்தாள்.
முன்பல்லில் பதித்த பச்சைக்கல் எப்போதோ விழுந்திருந்தது.
தேதியை விரலால் தடவிப் பார்த்தாள்.
"தண்ணீர் கொடுத்தது நீதானே?"
"ஆமாம்."
"எங்கள் குளத்துத் தண்ணீர்.
அதற்கு எழுத்து உண்டா?"

உண்டு. கல்லில்தான் இடமில்லை என்றேன்.
சிரித்தாளா என்று தெரியவில்லை.

நாளை மறுநாள் கல்லை நடுகிறார்கள்.
மண்ணுக்குள் போகும் அடிப்பாகம் மட்டும்
இன்னும் வெறுமையாய் இருக்கிறது,
ஒரு சுரைக்குடுக்கை உயரத்துக்கு.