முன்னால் ஒரு சொல்

மஞ்சக்குப்பம், மாலை ஆறரை வகுப்பு.
‘கோ டு அப்ராட்’ என்று எழுதியிருந்தேன்.
‘டு’வின் மேல் சிவப்புக் கோடு.

அப்ராட் இட வினையடையாம்,
முன்னால் எதுவும் ஒட்டாதாம்.
சரிதான்.
அரிகிருஷ்ணனும் அப்படித்தான் போனான்,
முன்னால் ஒரு சொல் இல்லாமல்.

அடுத்தது ஹோம்.
அதற்கும் ‘டு’ கிடையாது:
கம் ஹோம்.
தமிழில் வீடு என்றால்
ஒரு ‘க்கு’ விக்கல்போலக் கூடவே வரும்,
வீட்டுக்கு, வீட்டுக்கு.

ஹியர், தேர், அப்ஸ்டேர்ஸ், எவ்ரிவேர்…
கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொண்டே வந்தேன்.
ஆறாவது:
ஹீ இஸ் ______.
விட்டுவிட்டேன். ஒரு மார்க்தானே.

டவுன் பஸ் கெடிலம் பாலம் ஏறும்போது
எனக்கு விக்கியது.
யாரோ நினைக்கிறார்களாம்,
எங்கிருந்தோ.

ஆற்றில் தண்ணீர் இல்லை.
பாட்டிலிலும்.