ஏழின் இடுப்பில் ஒரு கோடு

பங்குனி வெயில். விருத்தாசலம் விற்பனைக்கூடம்.
களம் முழுக்க மல்லாட்டை,
கால் வைக்கிற இடமெல்லாம் தோல் நொறுங்குகிறது.
பதினொன்றரைக்கு ஏலப்பெட்டியைப் பூட்டுவதும்
பன்னிரண்டுக்குத் திறப்பதும் என் வேலை.
சாவி என் அரைஞாணில்.

இன்றைக்கு நாற்பத்திரண்டு குவியல்.
குவியலுக்கு ஐந்து சீட்டு, ஐந்து வியாபாரி,
ஐந்து கையெழுத்து.
ஆனால் எல்லா ஏழுக்கும்
இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.
ஒரே பச்சை மை.

கூடம் வருவதற்கு முன்னால்
துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினார்களாம்.
எவன் எதை மடக்கினான் என்று
விளைவித்தவனுக்குக் கடைசிவரை தெரியாதாம்.
அந்தத் துண்டை உருவத்தான் சட்டம் வந்தது.
சுவர் வந்தது, தராசு வந்தது,
பெட்டி வந்தது, பிறகு நான்.
துண்டை யாரோ நாலாக மடித்துப்
பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள்.

விதிப்புத்தகம் கேட்கிறது:
தேதி உண்டா, அடித்தல் திருத்தல் இல்லையே,
உரிமம் நடப்பில் உள்ளதா?
உண்டு. இல்லை. உள்ளது.
எத்தனை பேனா என்று அது கேட்கவில்லை.
நானும்

கேட்கவில்லை.

மூலையில் கணினி, பிளாஸ்டிக் உறையோடு.
ஈரோட்டு ஆலைக்காரர் அங்கிருந்தே விலை போடலாம் என்று வைத்தது.
முதல் மாதம் அவரும் போன் செய்தார்:
“ஈரப்பதம் எவ்வளவுங்க, பருப்பு எத்தனை சதம்?”
ஈரமானி பழுதுபார்க்கப் போய்ப் பதினான்கு மாதம்.
நாலு காயை உடைத்துப் பார்த்து
“நல்லாத்தான் இருக்கு” என்றேன்.
சிரித்தார். பிறகு கூப்பிடவில்லை.

இருபத்தேழாவது குவியல்: கொளஞ்சி, ஆலடி.
பதினாறு மூட்டை. காதருகே குலுக்கினால்
கிலுகிலுக்கிற காய்ச்சல்.
உயர்ந்த சீட்டு ஐயாயிரத்து எழுநூற்று ஏழு.
மற்ற நாலும் ஐந்தைந்து ரூபாயாய்க் கீழே,
படிக்கட்டு மாதிரி.

பிடிக்காவிட்டால் சரக்கைத் திருப்பிக் கொண்டுபோகலாம்.
அதுவும் விதியில் இருக்கிறது, தடித்த எழுத்தில்.
எங்கே கொண்டுபோவார்?
காய் ஆய்ந்தவர்கள் கூலிக்கு வாசலில் நிற்கிறார்கள்.
கேட்டுக்கு வெளியே ஒரு வேன்;
ரசீது கிடையாது, செஸ் கிடையாது, கையில் காசு,
மூட்டைக்கு முந்நூறு குறைவு.
வேனில் சாய்ந்து பீடி குடிப்பவன்
பச்சை மைக்காரரின் மைத்துனன்.

சுவரை இடி என்கிறார்கள் சிலர்,
எவனும் எங்கும் வாங்கட்டும் என்று.
இன்னும் உயர்த்து என்கிறார்கள் சிலர்.
நான் கேட்டது ஓர் ஈரமானி,
வெளியூர் ஆள் நாலு பேர்,
எடை போட்ட சாயங்காலமே கணக்கில் விழும் பணம்.
கருத்துரு பரிசீலனையில் இருக்கிறது.

“போட்டுக்குங்க சார்,” கொளஞ்சி கையெழுத்து வைத்து
என் பேனாவைத் திருப்பித் தந்தார்.
“வெள்ளிக்கெழம மணவாளநல்லூர்ல பிராது கட்டப்போறேன்.
ஒங்க மேல இல்ல.”

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராதுக்கு ரசீது உண்டு.
ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுப் படி போடுவார்கள்.
தொண்ணூறு நாளில் தீர்ந்துவிடும் என்பது நம்பிக்கை.
என் கருத்துருவுக்கு மூன்றாவது வருடம் நடக்கிறது.

ஒங்க மேல இல்ல. அன்று இரவு
அந்த ஒன்று மட்டும் தொண்டையில்,
தோலோடு விழுங்கிய பருப்பு மாதிரி.

வெள்ளிக்கிழமை நானும் போனேன்.
சும்மா, கும்பிடத்தான்.
மண்டபத் தூணோரம் காகிதத்தை முழங்காலில் வைத்து
எழுதிக்கொண்டிருந்தார்.
எதிரி பெயர் வரவேண்டிய இடத்தில்
பேனா நின்றிருந்தது.
“யாருன்னு எழுத, சார்? அஞ்சு பேரா, ஒத்த ஆளா?”

“ஏழப் பாருங்க,” என்றேன்.

“ஏழைய எவன் சார் பாக்குறான்.”

பேனாவை வாங்கினேன்.
அவர் மனுவின் ஓரத்தில்
ஒரு ஏழு போட்டு
அதன் இடுப்பில்
கோடு கிழித்தேன்.