இடப்பக்கம்

பினாங்குப் பாலத்தில் விழுந்தது வலப்பக்கமாக.
முட்டி ஆறிவிட்டது. பிளாஸ்டிக் உறை ஆறாது.
புதுசு ஆயிரத்து நானூறு வெள்ளி என்றார்கள்.
என்னிடம் முன்னூற்று எண்பது,
அதிலும் ஐம்பது லோகேஸ்வரியுடையது.

கழற்றி எறி என்றான் ஹபிசுல்,
பிறையில் இரவு ஷிப்ட் முடித்துக்
கண் சிவக்க வந்தவன்.
பதினேழு திருகாணி. இரண்டு இல்லவே இல்லை,
எனக்கு முன்னால் எவனோ கம்பி கட்டி ஓட்டியிருக்கிறான்.

உரித்த வண்டி
குளித்துவிட்டுத் துண்டைத் தேடும் ஆள்போல் நின்றது.
ரேடியேட்டர், ரப்பர் குழாய்,
யார் கண்ணிலும் படக்கூடாதென்று
கம்பெனிக்காரன் மறைத்த வயர்க் குடல்.
கறுப்பு டேப் சுற்றி
டேங்கின் அடியில் திணித்தோம்.

பழைய இரும்புக்கடை கியோங்
மோட்டோகிராஸ் ஹேண்டல்பாரை அறுபதுக்குக் கொடுத்தான்,
எருமைக் கொம்பு அகலம்.
மாட்டியபின்தான் தெரிந்தது
பிரேக் ஹோஸ் நாலு விரற்கடை எட்டவில்லை.
அதை இழுத்துக் கட்டலாமா என்று யோசித்தேன்.
லோகேஸ்வரி இன்னொரு ஐம்பதை நீட்டினாள்
முகத்தைப் பார்க்காமல்.

உடையாத இடப்பக்க உறையை விற்றேன்.
இடப்பக்கமாய் விழுந்த ஒருவன்
சுங்கை டுவாவிலிருந்து வந்து
பேரம் பேசாமல் வாங்கிப் போனான்,
நொண்டியபடி.

நேற்று அதே பாலம்.
ஒளிய இடமில்லை. காற்று நேரே நெஞ்சில்.
எண்பதிலேயே கண்ணீர் வருகிறது.
வெள்ளை வண்டி ஒன்று வலப்புறம் முந்துகிறது,
என்னைப் பார்த்த பக்கம் மட்டும் சிவப்பு.
என் சிவப்பு.
ஹார்ன் அடித்தேன்.
திட்டுகிறேன் என்று நினைத்திருப்பான்.