பதிவேட்டில் வராத வினை

ஹல் நகரம், ஹோல்டர்னெஸ் சாலை,
சூப்பர் மார்க்கெட்டின் தானியங்கிக் கதவுக்கு
இடப்பக்கம் நிற்பவன் நான்.
கறுப்பு டை. காதில் ஒயர்.
ஒன்பது வருஷமாக அதே கதவு.

இங்கே நாங்கள் அதை 'நிக்' என்போம்.
ஒரே அசை.
நாக்கு பட்டதும் தெரியாது, விலகியதும் தெரியாது.
சொல்லே ஒரு கைவேலை.

லீட்ஸில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு ஆகாது.
'கொச்சை வேண்டாம்' என்று
சிவப்பில் கோடிழுத்துத் திரும்பி வந்தது பதிவேடு.
"பணம் செலுத்தாமல் அகற்றினார்"
என்று எழுத வேண்டுமாம்.
அகற்றினார்.
சொத்தைப் பல்லை அகற்றுகிற மாதிரி.

செவ்வாய்க்கிழமை வந்த மூன்று பயல்கள்
எதையும் அகற்றவில்லை ஐயா, சுட்டார்கள்.
சுட்ட சூடு ஆறுமுன்னே கார் நிறுத்துமிடத்தில்
டின்னை உடைத்து
ஒருத்தன் மேல் ஒருத்தன் பீய்ச்சிக்கொண்டார்கள்.
ஒரு வாய் குடிக்கக்கூட இல்லை.

டீன் ஆப்பிள்யார்டு வேறு ரகம். அவன் லவட்டுவான்.
ஆட்டுத்தொடை, சலவைத்தூள், ரேஸர் பிளேடு,
யாருக்கு எது என்று முந்தின இரவே பப்பில்
ஆர்டர் எடுத்துவிட்டு வருவான்.
போன மாதம் என்னிடமே கேட்டான்:
"காபித்தூள் ஏதாவது வேணுமா, கிரஹாம்?"

திருமதி ஸ்க்ரூட்டன் திராட்சைக் கொத்தோடு
மூன்று வரிசை நடப்பார்.
தராசுக்கு வரும்போது பாதி காம்பு.
கேட்டால், ருசி பார்த்தாராம்.
மீதி எடையை
யாரை நிறுத்திக் கண்டுபிடிப்பது?

அப்புறம் அவகாடோவை வைத்துவிட்டு
திரையில் வெங்காயத்தை அழுத்துகிறவர்கள்.
நல்ல கோட்டு, நல்ல ஷூ.
அவர்களுக்கு மட்டும் எங்கள் ஊரில் வினையே கிடையாது,
'கை தவறிவிட்டது' தான்.

வேடிக்கை என்னவென்றால்
எடுத்தவனைப் போலீஸ் பிடிப்பதும் நிக்,
பிடித்துக்கொண்டுபோய் அடைக்கிற இடமும் நிக்.
பழைய காரை விற்கிறவன்
'நல்ல நிக்கில் இருக்கு' என்பான்.
காலையில் அவசரமாய் ஷேவ் செய்தால்
தாடையில் விழுவதும் அதுவே.

இரவு பத்து மணிக்கு
அலமாரி அடுக்குகிற பெண்கள் கார்டைத் தேய்த்துவிட்டு
என் மேஜைக்கு முன்னால் வரிசையாய் நிற்பார்கள்.
பையைத் திற. கோட்டைத் திற. சரி, போகலாம்.
தினமும் கேட்கிறேன், தினமும் திறக்கிறார்கள்.
ஒன்பது வருஷத்தில் கிடைத்தது
ஒரு சாக்லேட்.
அதற்கும் ரசீது இருந்தது.

நேற்று தனூட்டா பையைத் திறக்கவில்லை.
ரசீதுத் தாளின் முதுகில் போட்ட கணக்கை நீட்டினாள்.
கார்டு தேய்த்த நேரத்துக்கும் கதவு தாண்டுகிற நேரத்துக்கும் நடுவே
பன்னிரண்டு நிமிஷம்.
வாரம் ஐந்து நாள். ஆக ஒரு மணி நேரம்.
அவள் சேர்ந்து நாலு வருஷம்.
"நான் போலந்துக்காரி, எனக்குத் தெரியாது," என்றாள்,
"இதுக்கு உங்க மொழியில என்ன வார்த்தை?"

சோதனை நடைமுறை, என்றேன்.
தலைமை அலுவலகம் தந்த வார்த்தை.
சரளமாய் வந்தது.
அவள் சிரித்தாள். பின்னால் நின்றவளும் சிரித்தாள்.
ஒன்பதாம் நம்பர் பஸ் போய்விட்டிருந்தது.

எல்லாரும் போன பிறகு
ஃப்ரீசர்கள் மட்டும் உறுமிக்கொண்டிருக்க
பதிவேட்டைப் பிரித்தேன்.
பொருள்: நிமிஷம், பன்னிரண்டு.
மதிப்பு: தெரியவில்லை, தனூட்டாவிடம் கேட்கவும்.
பொருள் மீட்கப்பட்டதா: இல்லை.
நடந்தது என்ன என்கிற கட்டத்தில்
கொச்சையாகவே எழுதினேன், பெரிய எழுத்தில்.
சிவப்புப் பேனா லீட்ஸில்தானே இருக்கிறது.

கடைசிக் கட்டம், சந்தேக நபரின் அடையாளம்:
ஆண், ஐம்பது வயது இருக்கும்.
கறுப்பு டை. காதில் ஒயர்.
தாடையில், இடப்பக்கம்,
சின்னதாய் ஒரு வெட்டு.