அடிப்பக்கம்

இந்தக் கடையில் எல்லாவற்றுக்கும் ஒரு சீட்டு உண்டு.
நேந்திரங்காய்ச் சிப்ஸுக்குப் பொரித்த நாள்,
கொடம்புளிக்கு எடை,
எனக்கு மார்பில் ஒன்று:
அனிஷ்டா, கவுண்டர் 3.
அதற்குமேல் யாரும் என்னை வாசிக்க வேண்டாம்
என்றுதான் நினைத்திருந்தேன்.

மணிக்கட்டில் அது இருந்தது.
சாம்பல் நிற ரப்பர், தீப்பெட்டி அளவு,
நாடியோடு ஒட்டியபடி ஒரு பச்சை வெளிச்சம்.
கை வெட்டி இழுக்கத் தொடங்கினால்
பள்ளியாடியில் அம்மையின் போன் அலறும்.
மற்ற நேரமெல்லாம் அது சும்மா இருக்கும்,
சும்மா இராதவர்கள்
வரிசையில் நிற்பவர்கள்.

"என்னவாக்கும் இது, கொச்சே?"
"சுகருக்கா?"
"ஜாமீன்ல விட்டா கட்டுவாங்களே, அதுவா?"
சிரித்தவர் இரண்டு சோப்பும் ஒரு துடைப்பமும் வாங்கியிருந்தார்.
நடந்தால் எண்ணும் என்றேன்.
ஸ்கேனர் பீப் என்றது,
என் பொய்க்கும் விலை போட்டதுபோல.

முழுக்கைச் சுடிதார் போட்டுப் பார்த்தேன்.
மே மாதம், கரண்ட் போன மதியம்,
வேர்வையில் பட்டை வழுகி
ஒன்றுமில்லாததற்கு அலறிவிட்டது.
அம்மை ஆட்டோ பிடித்து வந்தாள்,
முழங்கைவரை தோசை மாவு.
நான் ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய்க்கு
பில் போட்டுக்கொண்டிருந்தேன்.
அவளுக்குக் கோபப்படக்கூடத் தெரியவில்லை,
குழாயடியில் கை கழுவிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அழகான உறை என்று ஒன்று வரவழைத்தேன்.
யானைக்குட்டிப் படம்.
இந்த நோய் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் வரும்போல.
எனக்கு முப்பத்தொன்று.

கழுத்தில் போட ஒரு தகடும் இருந்தது,
நோயின் பெயர் சிவப்பில்.
அதைச் சட்டைக்குள் போட்டேன்.
குருசோடு உரசிக் கிடந்தது.
வில்லுக்குறி தாண்டி பஸ்ஸில் விழுந்தபோது
அதை யாரும் பார்க்கவில்லை.
நல்ல மனுஷர் ஒருவர்
தன் பைக் சாவியை என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை மூடி
இறுக்கிப் பிடித்திருந்தார், நான் திரும்பி வரும்வரை.
இரும்பு எதையும் நிறுத்தவில்லை.
ரேகைகளுக்குக் குறுக்கே
ஒரு ரேகை கூடுதலாகிவிட்டது.

காட்டினால் கேள்வி.
மறைத்தால் சாவி.

வடசேரியில் வாட்ச் பழுது பார்க்கும் மாகீன்
என்ன நோய் என்று கேட்கவில்லை.
"அடியில தோலைத் தொடணும், இல்லியா?" என்றார்.
தன் கையிலேயே கட்டிப் பார்த்தார்.
அவருடைய நாடிக்கும் அது பச்சையாகவே எரிந்தது.
பழைய லேடீஸ் வாட்ச்சின் பழுப்புத் தோல் வாரை வெட்டி,
மேலே ஒரு வட்ட முகம் பொருத்தி
(முள் ஓடாது, பத்து பத்தில் நிற்கும்),
வெளிச்சத்துக்கு மட்டும் கீழே ஒரு ஜன்னல் விட்டார்.
"நனைக்கப்பிடாது. மழைக்கு ரப்பரையே கட்டு."
வெட்டுக்கூலி அறுபது ரூபாய்.
நான் ஒரு பேனா கேட்டேன்.
வாரின் உட்புறத்தில் மூன்று வரி எழுதினேன்:
ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
வாயில், கையில் எதுவும் வைக்காதீர்கள்.
ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி.

மூன்று மாதம் யாரும் கேட்கவில்லை.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது,
அதை ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு நாலாம் கவுண்டர் டெல்பின்,
பை திறக்க விரலைத் தண்ணீரில் தொட்டபடி,
"எக்கா, உங்க வாட்ச்சுல
எப்பவும் பத்து பத்துதானா?"

கடையில் ஆளில்லை. வெளியே சாரல்.
கொக்கியைக் கழற்றி
வாரைத் திருப்பி அவள் முன் வைத்தேன்.
உதடு அசைய வாசித்தாள்.
இரண்டாவது வரியில் நின்று
என் உள்ளங்கையைப் பார்த்தாள்.
"இதுக்கும் மேல ஒண்ணும் இல்லியே?" என்றாள்.
இல்லை என்றேன்.
அதற்குள் ஒருவர் முட்டை வாங்க வந்துவிட்டார்.

மறுநாள் காலை
எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவே தரை காலியாக இருந்தது,
எண்ணெய் டின்களைத் தள்ளி வைத்திருந்தாள்.
கல்லாச் சாவிக்கொத்து வழக்கமான இடத்தில் இல்லை.
நிமிர்ந்து தேடினேன்.
காலண்டருக்கும் மேலே,
ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் ஓர் ஆணியில்
தொங்கிக்கொண்டிருந்தது.