இருபத்திமூன்றாவது வரி

உயரம் ஐந்தடி நாலு.
முப்பது மீட்டர், நாலு புள்ளி ஆறு.
டேப் பிடித்தவர் உதட்டைப் பிதுக்கினார்.
எழுதுவது மட்டும்தான் என் வேலை.

தேவஇரக்கம். பி.காம் மூன்றாம் வருடம். லெஃப்ட் பேக்.
காசிமேட்டில் விடிய விடிய ஐஸ் இறக்கிய கை,
கையெழுத்து ஈரமாக விழுந்தது.
அவன் கல்லூரி முதல் சுற்றிலேயே தோற்றுப்போகும்,
அதனால் யாரும் இவனைப் பார்த்ததில்லை.

சாயங்கால ஆட்டத்தில் நான் பார்த்தேன்:
பந்து வருமுன்
ஒருமுறை தோளுக்குப் பின்னால் பார்க்கிறான்.
ஒவ்வொரு தடவையும்.

வியாசர்பாடியில் இவன் ஆடும் மைதானத்தில்
அதே நேரம் நாலு கிரிக்கெட் மேட்ச்,
ஓரமாய் ஒரு கல்யாணப் பந்தல்,
தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கும்.
பின்னால் பார்க்காதவன்
பல்லை எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

அதற்கு இந்தத் தாளில் கட்டம் இல்லை.

ஆறடிப் பையன்கள் மளமளவென்று ஏறினார்கள்.
இருபத்திரண்டு நிரம்பியது. டீ வந்தது, பஜ்ஜி வந்தது.
"இன்னொருத்தன் யாரையாச்சும் போடுய்யா,
இருபத்திமூணு ஜெர்சி தச்சிட்டான்."

யாரையாச்சும்.

பேனா மை தீர்ந்திருந்தது.
பென்சிலால் எழுதினேன்,
அடித்தாள் வரை பதியும்படி
அழுத்தி.

வெளியே, இரண்டு பூட்ஸையும் முடிச்சிட்டுத் தோளில் போட்டு
பஸ்ஸுக்கு நின்றிருந்தான்.
ஒன்றுக்கு வெள்ளை லேஸ், மற்றதற்குச் சணல்.
இப்போதே சொல்லலாமா, நாளை நோட்டீஸ் ஒட்டட்டுமா
என்று நான் தயங்கி நிற்க,

அதற்குள் திரும்பிப் பார்த்துவிட்டான்.