ஓலைக்கால், சீலைக்கால்

லெஃப்ட், ரைட் எவன் காலிலும் ஏறவில்லை.
ஒன்றில் ஓலை, ஒன்றில் சீலை
கட்டிவிட்டது நான்தான், துபாஷி.
வேலூர்க் கோட்டை வெயிலில்
அகழி முதலைக்கும் அந்தத் தாளம் பாடம்.

மூன்றாம் மாதம்
காவேரிப்பாக்கத்து எத்திராஜுலுவும்
ஆற்காட்டு மீரான் பேக்கும்
ஒரே ஆளாய்த் திரும்பினார்கள்.
துரைக்கு வாயெல்லாம் பல்.
புதுத் தொப்பியை நீட்டி ஏதோ சொன்னார்.
அவர் பாஷையில் அதற்கு ஒரே சொல்;
நாமா, நாங்களா, அது என் பொறுப்பு.
'நாம்' என்றேன்.
மீரான் தோல்பட்டையை முகர்ந்துவிட்டு
'நாங்கள்' என்றான், மெதுவாக.
அதை நான் பெயர்க்கவில்லை.

ஆனிக் கடைசி. பின்னிரவு.
கல்தளத்தில் காலடிகள்.
பாயில் கிடந்தபடி எண்ணினேன்:
ஓலை, சீலை, ஓலை, சீலை.
கட்டளைக் குரல் எங்கும் இல்லை.
ஒரு கால் பிசகவில்லை.